பைலட் கண்ணுக்கும் இங்கே பவர் பார்க்கப்படும்

எங்கள் தொழிலில் ஒரு நாளைக்கு நூறு தடவை "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கிறோம், எதிரில் உட்கார்ந்திருப்பவர் நூறு தடவையும் பரீட்சையில் ஃபெயிலாகிவிடுவோமோ என்ற பயத்தோடுதான் பதில் சொல்கிறார்.

உங்களுக்கும் அந்த நாற்காலி தெரிந்திருக்கும். மூக்கின் மேல் கனமான ஒரு சட்டத்தை மாட்டி, அதில் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகுவார்கள். ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ என்று "மொதல்ல போட்டது கொஞ்சம் பரவால்லீங்க" என்று சும்மா ஒன்றைச் சொல்லிவைப்போம். நீங்களும் நானும் பட்ட பாடுதான் இது. நமக்கெல்லாம் அங்கே மிஞ்சிப்போனால் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அதே நாற்காலியில் வாழ்க்கையே முடிவாகிறவர்களும் வந்து உட்காருகிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன்.

திருப்பூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பதினாலு வருஷமாகப் பவர் பார்க்கிறேன். முன்னால் டோக்கன் கொடுக்க சரசக்கா, உள்ளே டாக்டரம்மா, நடுவில் இருட்டு அறையில் நான். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். ஊசியில் நூல் கோக்க முடியாத டெய்லர், கறை தெரியாமல் திட்டு வாங்கிய செக்கிங் அம்மா, கம்ப்யூட்டரில் ஆர்டரையே பார்த்துப் பார்த்துத் தலைவலி வந்த மெர்ச்சன்டைசர். மீதிக் கால்வாசியில்தான், எப்போதாவது, விமானப் படையில் பைலட்டாகப் போகிறேன் என்று ஒரு பிள்ளை வரும். அமராவதி நகர்ப் பக்கம் ராணுவத்துக்குத் தயார் செய்யும் உறைவிடப் பள்ளியில் படிக்கிற பையன்கள் வருவார்கள், கோச்சிங் சென்டரிலிருந்தும் வருவார்கள். ராணுவ மருத்துவ போர்டுக்குப் போகும் முன்பே ஒரு தடவை கண்ணைக் காட்டித் தெரிந்துகொள்ள வருகிறவர்கள். பைலட்டுக்குக் கண்ணாடி இல்லாமல் தூரம் தெரிய வேண்டும், நிறம் தெரிய வேண்டும். லேசர் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அதற்கென்று தனிச் சட்டங்கள். போர்டு 'தகுதியில்லை' என்று சொல்லிவிட்டால் குறிப்பிட்ட நாளுக்குள் அப்பீல் பண்ணலாம். இவ்வளவு தெரிந்தால் போதும், மற்றதை அவர்களே சொல்வார்கள்.

கரண்ட் போன வரி

வினோத் என்று ஒரு பையன். பிளஸ் டூ முடித்திருந்தான். நாற்காலியில் உட்கார்ந்த தோரணையே பைலட் மாதிரி இருந்தது. எங்களிடம் அப்போது உள்ளே லைட் எரியும் பழைய பெட்டி சார்ட் இருந்தது. வலது கண்ணை மூடச் சொல்லி, மேலிருந்து படிக்கச் சொன்னேன். தண்ணீர் ஓடுகிற மாதிரி படித்தான். கடைசி வரிக்கு வந்தபோது கரண்ட் போய்விட்டது. அந்த வாரம் யூபிஎஸ் பேட்டரியும் செத்துப்போயிருந்தது. அறை முழுக்க மையிருட்டு. "இருப்பா" என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் மீதி எழுத்துகளையும் படித்து முடித்துவிட்டான். டார்ச் அடித்துச் சரிபார்த்தேன், ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

டார்ச்சை அணைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினேன். அப்புறம் அவனே ஒப்புக்கொண்டான். எந்தெந்த ஆஸ்பத்திரியில் எந்த சார்ட் மாட்டியிருக்கிறது என்று அலைந்து திரிந்து ஐந்து சார்ட்டை மனப்பாடம் செய்திருக்கிறான். நேராக, தலைகீழாக, இடமிருந்து, வலமிருந்து. சும்மா ஐந்தையும் சொல்லிக் காட்டு என்றேன். சொன்னான். இத்தனை வருஷம் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வேலை பார்க்கிற எனக்கு மூன்றாவது வரிக்கு மேல் தெரியாது. அவன் கண்ணில் முக்கால் பாயிண்ட் பவர் இருந்தது. பைலட்டுக்கு அது ஆகாது, மற்ற வேலைகளுக்குக் கண்ணாடியோடு போகலாம் என்று டாக்டரம்மா பக்குவமாக எடுத்துச் சொன்னார். இப்போது சட்டக் கல்லூரியில் படிக்கிறானாம், செக்‌ஷன் நம்பரெல்லாம் புத்தகம் பார்க்காமல் சொல்கிறானாம். ஆனால் அன்றைக்கு இருட்டில் அவன் என்னிடம் குறையாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்:

"கரண்ட் போகும்னு சிலபஸ்லயே இல்லீங்களே சார்."

ரெண்டு வாஷ்

நிறம் தெரிகிறதா என்று பார்க்க ஒரு புத்தகம் உண்டு. பக்கம் பூரா சின்னச் சின்ன வண்ணப் பொட்டுகள், அவற்றுக்குள்ளே ஒரு எண் ஒளிந்திருக்கும். நிறப் பார்வை சரியாக இருந்தால் எண் தெரியும், இல்லாவிட்டால் வெறும் பொட்டுதான்.

ஜெனிபருக்கு அப்போது காலேஜ் கடைசி வருஷம். அப்பா அம்மா தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். அம்மா ஒரு கம்பெனியில் செக்கிங், அப்பா டையிங் லேபில் ஷேடு பார்ப்பவர். பையர், அதாவது துணி வாங்குகிற கம்பெனி, அனுப்பிய துணித்துண்டின் நிறமும் சாயம் போட்ட துணியின் நிறமும் ஒன்றுதானா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. வீட்டில் சோற்றுத் தட்டைச் சுற்றிக்கூடத் துணித்துண்டுகள் கிடக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். பக்கம் திருப்பத் திருப்ப எண் வந்து விழுந்தது. நான் குறிப்பு எழுதி முடிக்கும் முன்பே அவள் அடுத்த பக்கத்தில் இருந்தாள். எல்லாம் சரி. புத்தகத்தை மூடப் போனவள் ஒரு பக்கத்துக்குத் திரும்பி வந்து, அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள். சிவப்பு மட்டும் இறங்கியிருக்கிறது என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை. சந்தேகத்துக்குப் புதுப் புத்தகம் ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவள் சொன்னது நிஜம். வெளிச்சத்தில் திறந்தே கிடந்து கிடந்து அந்தப் பக்கம் வெளுத்திருக்கிறது. எத்தனை பேரை அந்தப் பக்கத்தை வைத்துப் பரிசோதித்திருப்பேனோ, கணக்கே இல்லை. எங்கள் புத்தகத்தை ஒரு பெண் பரீட்சை வைத்து ஃபெயிலாக்கிவிட்டுப் போனாள். ஜன்னலில் நின்றபடி அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

"சார், இந்த புக்கு ரெண்டு வாஷ் போட்ட பனியன் மாதிரில்லா இருக்கு."

மாமனுக்கும் இருபத்தொன்று

அதே நிறப் புத்தகத்தில், வெளுக்காத ஒரு பக்கத்தில், எழுபத்தி நாலு என்று ஒரு எண் உண்டு. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்களுக்கு அந்த எழுபத்தி நாலு தெரியாது. இருபத்தொன்று என்று வேறொரு எண் தெரியும். நம் கண்ணுக்கு அந்த இருபத்தொன்று தெரியாது. ஒரே காகிதத்தில் இரண்டு பேர் இரண்டு எண்ணைப் பார்க்கிறார்கள். இதை முதன்முதலில் படித்தபோது நான் நம்பவில்லை.

கவினை அவன் தாய்மாமன் சண்முகம் கூட்டிக்கொண்டு வந்தார். நெசவுக் குடும்பம், இப்போது சொந்தமாக கார்மெண்ட்ஸ். சாவிக்கொத்தில் முருகன் படம். மருமகன் பைலட்டாகப் போகிறான் என்று வரவேற்பிலேயே சரசக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கவின் பயந்துகொண்டே முதல் பக்கத்தைப் படித்தான். அது எல்லோருக்கும் தெரிகிற பக்கம். எழுபத்தி நாலு பக்கத்தில் தயங்கினான். மாமனுக்குப் பொறுக்கவில்லை. "இதென்ன கண்ணு, சின்னப் புள்ளைங்க வெளையாட்டாட்ட இருக்குது, பளிச்சுனு சொல்லு" என்று எட்டிப் பார்த்து அவரே சத்தமாக, "இருபத்தொண்ணு!" என்றார். கவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "எனக்கும் இருபத்தொண்ணுதானுங்க மாமா." இரண்டு பேரும் சிரித்தபடி என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் எழுபத்தி நாலைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்தன்தான். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன்.

இது அம்மா வழியில் வருவது, மாமனுக்கும் மருமகனுக்கும் சேர்ந்து வருவது சகஜம், இதற்கு மருந்தோ ஆபரேஷனோ கிடையாது, பைலட் வேலைக்கு இதில் அப்பீலும் உதவாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். சண்முகம் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். "அப்போ இத்தன வருசமா ஷேடு சரியில்லைன்னு பையர் திருப்பி அனுப்புனதுக்கெல்லாம் டையிங்காரனத் திட்டிட்டு இருந்தனேங்க" என்றார். ஷேடு பார்ப்பதை எப்போதும் அவர் மனைவிதான் செய்வாராம். அந்தம்மா ஊருக்குப் போயிருக்கும்போது மட்டும் இவர். கவின் புத்தகத்தை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டான். அந்த எண் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னான். அவன் விரலைப் பிடித்து பொட்டுகளின் மேல் ஏழு வரைந்தேன், நாலு வரைந்தேன். விரல் போன வழியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை. இப்போது விமானப் பொறியியல் படிக்கிறான். அன்றைக்கு எழுந்து போகும்போது மாமன் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னான்:

"இந்த ஒலகத்துல நானும் நீங்களும் ஒரே மாதிரி பாக்கறோம்னு இன்னிக்குத்தானுங்க மாமா தெரிஞ்சுது."

ஒரு லெட்டர்

இது சின்னது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மகனோடு வந்தார். மகனுக்கு இரண்டு கண்ணிலும் பவர். கண்ணில் ஒன்றுமில்லை என்று எழுதி ஒரு சர்டிபிகேட் மட்டும் கொடுத்துவிட்டால் போதும், மேற்கொண்டு தான் பார்த்துக்கொள்வதாக டாக்டரம்மாவிடம் தணிந்த குரலில் கேட்டார். போர்டில் அவர்களே மறுபடி பார்ப்பார்கள், இந்தக் காகிதத்துக்கு அங்கே மதிப்பில்லை என்று டாக்டரம்மா சொன்னார். அப்பா விடவில்லை. மகன் தலை குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் படவில்லை. பேனாவை மூடி வைத்தார்:

"ஏனுங்க, நான் எழுதிக் குடுத்தா காயிதத்துல நல்லாத் தெரியும், ஆகாசத்துல தெரியாதுங்களே."

டெய்லர் சஞ்சய்

வருஷத்துக்கு ஒரு தடவை பனியன் கம்பெனிகளில் இலவசக் கண் முகாம் போடுவோம். டீ நேரத்தில் லைன் லைனாக ஆட்கள் வருவார்கள். அப்படி ஒரு முகாமில் சஞ்சய் வந்தார். பீகார்க்காரர், ஓவர்லாக் மெஷினில் தைப்பவர், முப்பது வயசுக்கு மேல் இருக்கும். கண்ணில் ஒன்றும் கோளாறு இல்லை, டீ குடிக்க வந்த இடத்தில் வரிசை பெரிதாக இருந்ததால் தானும் நின்றுவிட்டதாகச் சொன்னார்.

படிக்கச் சொன்னேன். நாம் சாதாரணமாக நிறுத்துகிற வரியைத் தாண்டினார். அதற்குக் கீழே ஒன்று, அதையும் தாண்டினார். சார்ட்டின் அடியில் பொடிப்பொடியாக ஒரு கடைசி வரி உண்டு. அது அலங்காரத்துக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன், என் சர்வீஸில் அதை யாரும் படித்துக் கேட்டதில்லை. சஞ்சய் அதையும் நிதானமாகப் படித்தார். சரிபார்க்க நான் சார்ட் பக்கத்தில் போய்க் குனிய வேண்டியிருந்தது. எல்லாம் சரி. இன்னொரு கண்ணை மூடச் சொன்னேன். அதுவும் அப்படியே. போர் விமானம் ஓட்டுகிறவர்களிடம்கூட இவ்வளவு கேட்பதில்லை. இந்தக் கண்ணைப் பெறுவதற்கு ஒரு பிள்ளை எத்தனை வருஷம் தவம் கிடக்கிறது, இங்கே ஒருத்தர் அதை வைத்துக்கொண்டு டி-ஷர்ட் கழுத்து தைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. "சஞ்சய், உங்க கண்ணு பைலட் கண்ணு, தெரியுமா? நீங்க ஃபைட்டர் பிளேன் ஓட்டியிருக்கலாம்" என்றேன். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. சிரித்தார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய தமிழில் சொன்னார்:

"பிளேன் நம்ம பக்கத்துல பாத்தது இல்ல சார். ஊருலேர்ந்து ட்ரெயின்ல கதவுகிட்ட நின்னுதான் வந்தேன். ஆனா வழியில எல்லா ஸ்டேஷன் பேரும் படிச்சேன்."

காங்கேயத்து வைத்தியம்

கார்த்தி எழுத்துத் தேர்வில் தேறி, ஐந்து நாள் நேர்முகத்திலும் தேறி, கடைசியில் மருத்துவ போர்டில் விழுந்துவிட்டான். இரண்டு கண்ணிலும் மைனஸ் பவர் என்று எழுதியிருந்தது. போவதற்கு நாலு மாசம் முன்னால் எங்களிடம் பார்த்தபோது ஒரு பவரும் இல்லை. அவனும் அவன் அப்பாவும் வந்து உட்கார்ந்த கோலத்தைப் பார்த்தால் யாரோ தவறிப்போன வீட்டிலிருந்து வந்தவர்கள் மாதிரி இருந்தது. காங்கேயத்தில் அவர்களுக்கு ரைஸ் மில். அப்பா பேசவே இல்லை. நான் டார்ச் வெளிச்சத்தைக் கண்ணில் அடித்துப் பவர் பார்த்தேன். ஒரு நிமிஷம் ஒன்றரை காட்டியது, மறு நிமிஷம் முக்கால். நிற்கவே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். கண்ணைத் தளர வைக்கும் சொட்டு மருந்தை விட்டுக் காத்திருக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தேன். பூஜ்யம். இரண்டு கண்ணிலும் சுத்தமாகப் பூஜ்யம். மூன்று தடவை பார்த்தேன்.

விஷயம் இதுதான். பரீட்சைக்கும் நேர்முகத்துக்கும் சேர்த்து அந்தப் பையன் மாசக்கணக்காக, பகல் பூரா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்திருக்கிறான். கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள் ஒரு தசை இறுகும், தூரம் பார்க்கும்போது தளரும். இவனுக்கு அது இறுகியபடியே நின்றுபோய்விட்டது. விரிய மறந்துபோன முஷ்டி மாதிரி. கண் நல்ல கண், அதற்குள் பயந்துபோன ஒரு தசை, அவ்வளவுதான். அப்பீலுக்கு இன்னும் நாள் இருந்தது. டாக்டரம்மா சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். போனைத் தொடக் கூடாது, புத்தகம் கூடாது, தூரத்தில் எதையாவது பார்த்துக்கொண்டே இரு என்றார். அப்போதுதான் அவன் அப்பா முதன்முதலாக வாயைத் திறந்தார். "தூரத்துல பாக்கறதுக்கு எங்க கொறங்காட்டுல மாடுதானுங்க இருக்குது" என்றார். கொறங்காடு என்றால் அங்கே மாடு மேய விடும் காடு, சுற்றிலும் கிளுவை வேலி, கண்ணுக்கு எட்டின தூரம் புல்லும் வேலமரமும். "அதே போதுங்க" என்றார் டாக்டரம்மா.

கார்த்தி மூன்று வாரம் தினமும் அங்கே உட்கார்ந்து தூரத்தில் மேய்கிற காளைகளைப் பார்த்திருக்கிறான். எந்த மாட்டுக்குக் கொம்பு எப்படி என்று வேலியோரத்திலிருந்தே சொல்ல ஆரம்பித்துவிட்டானாம். இடையில் இரண்டு தடவை என்னிடம் வந்தான். முதல் தடவை கால் பாயிண்ட், அடுத்த தடவை ஒன்றுமில்லை. சொட்டு மருந்தை நிறுத்திய பிறகும் ஒன்றுமில்லை. அப்பீல் போர்டுக்கு ரயில் ஏறும்போதுகூட அப்பா அவன் போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாராம். 'தகுதி' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சேதி சொல்ல அவன் அப்பா மட்டும் நேரில் வந்தார். சரசக்கா முதல் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். அன்றைக்கு ஊமையாக உட்கார்ந்திருந்தவரா இவர் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்:

"ஏனுங் சார், இனிமேல் எவனாச்சும் பெத்த புள்ளைய 'மாடு மேய்க்கத்தான் நீ லாயக்கு'ன்னு திட்டுனா, எங்கிட்ட அனுப்பி வெய்யுங்க."

வளரக் கூடாத ஒன்று

சுகன்யா முதலில் வந்தபோது பிளஸ் டூ. பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்து வீடு. அப்பா வெங்காயமும் தென்னையும் வைத்திருப்பவர். கண்ணில் கிட்டத்தட்ட மூன்று பவர். பள்ளிப் படிப்பு முடித்ததும் நேராகப் போர்ப்படைப் பயிற்சிக்குப் போகிற தேர்வுக்கு அவள் படித்துக்கொண்டிருந்தாள். பைலட்டாக வேண்டுமானால் கண்ணாடி கூடாது, இந்த வயசில் ஆபரேஷனும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று டாக்டரம்மா சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவள் குறிப்பு நோட்டைத் திறந்தாள். "அப்போ எந்த வயசுல ஏத்துக்குவாங்க மேடம்?" என்றாள். இருபது முடிந்த பிறகு ஆபரேஷன், அதன் பிறகு குறைந்தது ஒரு வருஷம் காத்திருப்பு, டிகிரி முடித்துவிட்டு வேறு தேர்வு. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்குப் பதினேழு வயசு. நாலு வருஷத்தை ஒரு பக்கத்தில் எழுதி, நோட்டை மூடினாள்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குக் கண் உருண்டை கொஞ்சம் நீளமாக இருக்கும். எவ்வளவு நன்றாக ஆபரேஷன் செய்தாலும் அந்த நீளம் மாறாது. ஒரு அளவைத் தாண்டினால் பைலட்டுக்கு ஆகாது. நீளத்தை அளக்கும் மெஷினில் அவளை உட்கார வைத்தேன். அளவுக்கு உள்ளேதான் இருந்தது, ஆனால் மயிரிழையில். வயசு ஏற ஏற இது கூடவும் செய்யலாம். குறைக்க வழி இருக்கிறதா என்று அவள் அப்பா கேட்டார். இல்லை. அதன் பிறகு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இருவரும் வருவார்கள். அவள் தாடையை மெஷினில் வைப்பாள், நான் பொத்தானை அமுக்குவேன், எண் வரும்வரை மூன்று பேருமே மூச்சு விட மாட்டோம். முதல் வருஷம் அப்படியே நின்றது. இரண்டாவது வருஷம் நகத்துணுக்கு அளவு கூடியது. அன்றைக்கு நான் அவர்களிடம் அதைச் சொல்லிவிட்டு வெளியே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். மூன்றாவது வருஷம் மறுபடி அசையவில்லை. எல்லைக்கு உள்ளேதான். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அவள் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வெங்காயம் வளரோணும், தென்ன வளரோணும், புள்ள வளரோணும்னே சாமி கும்பிட்டவனுங்க நான். வளரக் கூடாதுன்னு கும்பிட்டது இவ கண்ண மட்டுந்தானுங்க."

தனியாக ஒரு தடவை

சுகன்யாவுக்கு இருபது முடிந்ததும் டாக்டரம்மாவே கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய் ஆபரேஷன் செய்ய வைத்தார். பத்து நாள் வலி, வெளிச்சம் பார்க்க முடியாது. அடுத்த நாலைந்து மாசம் பார்வை ஏறி இறங்கி நின்றது. ஒரு வருஷம் அவள் கண்ணைக் கசக்கவில்லை, தோட்டத்தில் புழுதி பறந்தால் உள்ளே போய்விடுவாளாம். காத்திருப்பு முடிந்ததும் பரீட்சை எழுதினாள். முதல் தடவை நேர்முகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண்ணால் இல்லை, பேச்சில். எனக்கு அது கண்ணைவிடப் பெரிய அநியாயமாகத் தெரிந்தது. அவளுக்கு அப்படித் தெரியவில்லை. ஆறு மாசம் கழித்து மறுபடி போனாள், தேறினாள். மருத்துவ போர்டில் கண்ணை மட்டும் ஒரு பகல் முழுக்கப் பார்த்தார்களாம். நீளத்தை மூன்று தடவை அளந்தார்களாம். மூன்று தடவையும் அவள் கண்ணை இமைக்காமல் வைத்திருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. என் மெஷினில் உட்கார்ந்து பழகிய பிள்ளை அல்லவா.

பயிற்சியில் சேர்ந்து, போன பொங்கலுக்கு லீவில் வந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், முகம் கறுத்திருந்தது. சரசக்கா டோக்கனே போடாமல் உள்ளே அனுப்பிவிட்டார். பயிற்சி விமானத்தில் முதன்முதலாகத் தனியாகப் பறந்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். பக்கத்தில் கற்றுக்கொடுக்கிறவர் இல்லை, அவள் மட்டும். நான் அளந்த கண், நான் சொட்டு மருந்து விட்ட கண், அது இத்தனை ஆயிரம் அடி உயரத்தில் தனியாகப் போய்விட்டு வந்து என் எதிரில் நிற்கிறது. மேலேயிருந்து பார்த்தால் ஊரெல்லாம் எப்படி இருந்தது, ஆறு தெரிந்ததா, மேகம் எந்த நிறம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் கூச்சப்பட்டுச் சிரித்தாள்:

"ஏனுங்ணா, இறங்கற ரன்வே எங்க இருக்குதுன்னு மட்டுந்தானுங்ணா பாத்துட்டே இருந்தேன், வேற ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியல."

பதினாலு வருஷத்தில் நான் ஒருத்தரையும் பறக்க வைத்ததில்லை, ஆனால் மேலே சூலூர் விமானப் படைத் தளத்துப் பக்கமிருந்து விமானச் சத்தம் கேட்டால் சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவரை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிற ஆள் எங்கள் ஆஸ்பத்திரியில் நான் ஒருத்தன்தான்.